தன் மடையைத் தான் திறக்காத ஊர்

எதிர்காலத்தைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார்கள். அது காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறதாம்.

நான் வவுனியாவுக்கு வடக்கே ஒரு சிறிய குளத்துக்குக் கீழே நெல்லும் உளுந்தும் விதைக்கிறவள். எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பின் செயலாளர். அந்தப் பதவிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் வாயைத் தவிர வேறு காரணம் கிடையாது. சண்டை முடிந்த பிறகு எங்களுக்கு உதவி செய்தவர்கள் நட்டுவிட்டுப் போன பெயர்ப்பலகைகளைப் பிடுங்கித்தான் என் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளை ஒரு வெளிநாட்டு நிறுவனம் விமானத்தில் ஏற்றிச் செலவு செய்து அழைத்துப் போகிறது என்றால் அவர்களுக்கு என்னவோ தேவைப்படுகிறது என்றுதான் அர்த்தம்.

தேவை இதுதான். செட்டிநாட்டில் ஒரு கண்மாயில், அதாவது ஊர்க் குளத்தில், அவர்கள் புதிய பாசனத் திட்டம் ஒன்றை நடத்திப் பார்க்கிறார்கள். அடுத்தது எங்கள் குளம். நான் போய்ப் பார்த்து, நல்லது என்று சொல்லிவிட்டால் எங்களுக்கும் வந்துவிடும்.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் தங்க வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பாடசாலையையும் பிள்ளைகளையும் அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆனால் முன்பக்கத்து அறைகள் மட்டும் விருந்தினருக்குத் திறந்திருந்தன, மற்றதெல்லாம் பூட்டு. வீட்டுக்காரர் அழகம்மை ஆச்சி, பேரப்பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். வருகிற வழியில் ஆட்டோக்காரர் என் பேச்சைக் கேட்டு மலையாளம் என்று முடிவு கட்டிவிட்டார். ஆச்சி அந்தத் தவறைச் செய்யவில்லை.

“சிலோனா? எங்க அப்பச்சி கொழும்புலதான் கடை வச்சிருந்தாக. உக்காருங்க, மொதல்ல சாப்பிடுங்க” என்றார்.

வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் வந்தன. எங்கள் ஊரில் உறைப்பு என்றால் உறைப்பு. நான் இரண்டாம் பணியாரத்திலேயே தண்ணீர் கேட்டேன். மத்தியானம் வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் அதைச் செய்கிறார்கள். அந்தத் தண்ணீரை நாங்கள் மாட்டுக்கு ஊற்றுவோம் என்று சொல்லலாமா என்று யோசித்து, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். வீட்டின் நாலு பக்கக் கூரையும் நடுமுற்றத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. விழுகிற மழையைத் தெருவில் விடாமல் ஊருணிக்கு அனுப்புகிற ஏற்பாடு. மழையை நம்பி மட்டும் இருக்கிற நாடு இப்படித்தான் வீடு கட்டும்.

அன்று மாலை திட்ட அலுவலர் தினேஷ் வந்தார். சென்னைப் பிள்ளை, நல்ல மாதிரி, எதற்கும் அவசரம். கூடத்துச் சுவரில் படம் காட்டினார். முதல் படத்தில் பெரிய எழுத்தில் “வளரும் நாடுகளில் பாசனத்தின் எதிர்காலம்” என்று இருந்தது. எனக்கு அந்த ‘வளரும்’ என்ற சொல்லே ஆகாது. என்னைப் பார்த்து, இந்த வயதில், நீ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறாய் என்று எவராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

ஆனால் திட்டம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்மாயில் தண்ணீர் குறைந்ததும் மடை வழியாக வயலுக்குப் பாயாது. மடை வாய்க்குக் கீழே தங்குகிற தண்ணீர் சும்மா கிடந்து வற்றும். அந்தத் தண்ணீரைச் சூரிய ஒளியில் ஓடும் மோட்டார் இறைக்கிறது. மண்ணுக்கடியில் குழாய். ஒவ்வொரு வயலிலும் ஒரு வால்வு. வால்வைத் திறக்க, கழற்றி மாட்டுகிற இரும்புக் கைப்பிடி, விவசாயிக்கு ஒன்று. எப்போது திறக்கலாம், எப்போது மூட வேண்டும் என்று கைபேசியில் செய்தி வரும். திறந்தவர் அதிலேயே ஒரு பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். நெல் அறுத்த கையோடு இந்த ஊரார் நிலக்கடலை போட்டிருக்கிறார்கள். மோட்டார் இல்லாவிட்டால் அந்தக் கடலை இந்த மாசி மாதத்தைத் தாண்டியிருக்காது.

“ஒரே ஒரு பிரச்சினை” என்றார் தினேஷ். எல்லா வயலுக்கும் பொத்தான் அழுத்துவது ஒரே கைபேசியிலிருந்து. யாரோ ஒருவர் ஊர்த் தண்ணீர் முழுவதையும் கையில் வைத்திருக்கிறார். ஒப்பந்தப்படி ஒவ்வொரு விவசாயியும் தன் வால்வைத் தானே இயக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரைக் கழற்றி, காத்திருக்கிற அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். சரிபார்க்கவும் படம் எடுக்கவும் வெளிநாட்டு ஆலோசகர் மார்த்தா வந்திருக்கிறார். கடலைக்கு இன்னும் இரண்டு தடவை தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் வேனில் கிளம்பினோம். கொத்தமங்கலம் தாண்டித் தெற்கே போகிற ஊர். பெயர் போட வேண்டாம் என்று ஊரார் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தினேஷின் கைபேசி வழி காட்டியது. அது காட்டிய வழி ஒரு கண்மாயின் நடுவே போனது. அந்த வரைபடம் போட்டவர் வற்றிய காலத்தில் பார்த்திருப்பார் போல. மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருந்த இடத்தில் வேன் முன்சக்கரம் இரண்டையும் இறக்கிவிட்டு நின்றது. மார்த்தா தன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இதுவரை வேலை பார்த்த எல்லா நாடுகளிலும் தன் வண்டி ஒரு தடவையாவது புதைந்திருக்கிறது என்று சிரித்தாள். அதன் பிறகு எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப் போயிற்று.

கரைமேல் ஒரு பெண் நின்று எங்களை வேடிக்கை பார்த்தாள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தோளில் மண்வெட்டி, கையில் கனத்துத் தொங்குகிற மஞ்சள் பை.

“அங்குட்டு ஏன் போனீக? ரோடு இங்குட்டுல்ல இருக்கு” என்றாள்.

அவள்தான் பாக்கியம். மஞ்சள் பைக்குள் இருந்தவை வால்வுக் கைப்பிடிகள். ஊர் முழுவதற்கும் உரியவை. தினேஷ் அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனார். மார்த்தா பையைப் பார்த்தாள், பிறகு பாக்கியத்தைப் பார்த்தாள்.

வேனை இழுக்க டிராக்டரோடு வந்தவர் சேவுகன், கண்மாய்ச் சங்கத் தலைவர். பெரிய மீசை, சின்னக் குரல். நடந்ததை அவரே எந்த வெட்கமும் இல்லாமல் சொன்னார். மோட்டார் வைத்த புதிதில் ஆளுக்கொரு கைப்பிடியைக் கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் வெயில் ஏறி மோட்டார் ஓட ஆரம்பித்தது. விவசாயிகள் எல்லாரும் கைப்பிடியோடு அவரவர் வரப்பில் போய் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை. பாக்கியம் வந்து திறப்பாள் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். பாக்கியத்தை யாரும் கூப்பிடவேயில்லை. போக வழி இல்லாத தண்ணீர், குழாய் இணைப்பை விலக்கிக்கொண்டு ரோட்டில் பாய்ந்தது. மறுநாள் எல்லாரும் கைப்பிடியைக் கொண்டுபோய் அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

பாக்கியம் அந்த ஊரின் நீர்பாய்ச்சி. மடை திறப்பது, வாய்க்காலை மறிப்பது, வயல் வயலாகத் தண்ணீர் கட்டுவது எல்லாம் அவள் வேலை. முன்பு அவள் கணவன் பார்த்தான். அவன் திருப்பூருக்குப் போன பிறகு இவள் பார்க்கிறாள். வயலுக்குச் சொந்தக்காரன் தன் வயலுக்குத் தானே தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. எவ்வளவு காலமாக என்று கேட்டேன். கண்மாய் எவ்வளவு காலமாக இருக்கிறதோ அவ்வளவு காலமாக என்றார் சேவுகன், ஏதோ பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல.

மார்த்தா மசியவில்லை. வேறொரு நாட்டில், இதே மாதிரி ஒரு கண்மாயில், ஒரு ஆள் சாவியை வைத்துக்கொண்டு ஊரையே ஆட்டிவைத்ததைத் தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். கணவனை இழந்த பெண்கள் தண்ணீர் கேட்டு அவன் வீட்டு வாசலில் நின்றார்கள். அதனால்தான் இந்த விதியைத் தானே எழுதியதாகவும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்திலும் அப்படிப்பட்ட ஆட்கள் உண்டு. இந்தப் பெண் சொல்வது தப்பு என்று தூக்கிப்போட என்னால் முடியவில்லை.

மத்தியானம் சேவுகன் வீட்டில் சாப்பாடு. அயிரை மீன் குழம்பு, கண்மாயில் பிடித்தது. விரல் நீளம்கூட இல்லாத மீனுக்கு இவ்வளவு ருசியை யார் கொடுத்தது என்று தெரியவில்லை. பாக்கியம் உள்ளே வரவில்லை. பசிக்கவில்லை என்றாள். காலையிலிருந்து மண்வெட்டி பிடித்தவளுக்கு எப்படிப் பசிக்காமல் இருக்கும்? அவளுடைய தெரு கண்மாய்க்கரையின் மறுகோடியில் இருந்தது. காரணத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரும் இந்த விஷயத்தில் உத்தமமான ஊர் இல்லை. இரண்டு தட்டில் சோறு வாங்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனேன். அவளும் நானும் சாப்பிட்டோம். சேவுகன் மனைவி குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் நான் தனியாகக் கிளம்பினேன். வேனில் போனால் வேன் பார்க்கிறதைத்தான் பார்க்க முடியும். காரைக்குடியில் ஒரு பேருந்தைக் காட்டிக் கொத்தமங்கலம் போகுமா என்று கேட்டேன். அங்குட்டுத்தான் போகுது என்றார் ஒருவர். ‘அங்குட்டு’ என்பது எவ்வளவு பெரிய நிலப்பரப்பு என்று கீழச்சிவல்பட்டியில் இறங்கியபோதுதான் தெரிந்தது. நடத்துநர் எனக்காக வருத்தப்பட்டார்; ஆனால் பேருந்து எனக்காகத் திரும்பவில்லை. சந்தைக்கு ஆடு ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் போன குட்டியானை ஒன்றில் இடம் கிடைத்தது. குட்டியானை என்பது சின்ன லாரி. ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே ஒரு கிடா உட்கார்ந்திருந்தது. அதைப் பின்னால் ஏற்றிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். வழிநெடுக அது பின்னாலிருந்து என் முடியைத் தின்னப் பார்த்தது.

வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாக்கியம் பாதி வேலையை முடித்திருந்தாள். ஒரு வால்வில் கைப்பிடியை மாட்டித் திருகுவாள். தண்ணீர் வரப்பு ஓரம்வரை போகிறதா என்று நடந்து பார்ப்பாள். மூடிவிட்டு அடுத்த வயல். அவள் பின்னாலேயே நானும் நடந்தேன்.

தண்ணீர் குறைந்த வருடத்தில் நாங்கள் என்ன செய்வோம் என்று அவளுக்குப் பெருமையாகச் சொன்னேன். குளக்கட்டில் கூடி, குளத்துக்கு நெருங்கிய வயல்களை மட்டும் விதைப்பது என்று முடிவெடுப்போம். அந்த நிலத்தைச் சொந்தக்காரர் யார் என்று பாராமல் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொடுப்போம். தூரத்து வயல்காரனுக்கும் அந்தப் போகம் ஒரு துண்டு கிடைக்கும். பாக்கியம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். இங்கே அப்படிச் செய்தால் அன்றைக்கே நாலு மண்டை உடையும் என்றாள். நான் உடனே, அங்கே ஒரு பொம்பளையிடம் எல்லாச் சாவியையும் கொடுத்தால் அன்றைக்கே பொலிஸ் வரும் என்றேன். ஒருவர் ஊர்ப் பைத்தியம் இன்னொருவருக்குச் சிரிப்பாக இருப்பது நல்லதுதான்.

ஏன் சொந்தக்காரர் திறக்கக்கூடாது என்று அவளிடமே கேட்டேன்.

“தன் வயல்ல தண்ணி போறதப் பாத்துக்கிட்டு நிக்கிறவனுக்கு மூட மனசு வருமாக்கா? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னுதான் நிப்பான். நல்லவனா இருந்தாலும் நிப்பான். எனக்கு மூட மனசு வரும். எனக்குத்தான் வயலே இல்லையே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த வயலைத் திறந்து, நடந்து பார்த்து, மூடினாள். பிறகு தானாகவே சொன்னாள். நீர்பாய்ச்சிக்கு அந்தக் கண்மாய்க்குக் கீழே நிலம் இருக்கக்கூடாது. அதுவும் கட்டுப்பாடுதான். சேவுகனின் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார். அவருடைய வயல் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. முள்ளை வெட்டி, விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்கு உழுதுகொள்கிறேன் என்று போன வருடம் கேட்டிருக்கிறாள். வயல் வேண்டுமென்றால் மண்வெட்டியைக் கீழே வை என்று பதில் வந்தது. மண்வெட்டியை வைத்துவிட்டால் நீர்பாய்ச்சிக் கூலியாக வீட்டுக்கு வருகிற நெல் இல்லை. அவள் மண்வெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள்.

“இப்ப அந்த வெள்ளக்காரம்மா வேற வந்து, இவ கையில ஏன் இருக்குன்னு கேக்குது. வயலும் இல்ல, இனிமே கைப்பிடியும் இல்லைன்னா நான் என்னத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று சரியாகத் தெரியாத கோபம். மார்த்தாவுடைய விதி, கட்டுப்பாடு என்று இவர்கள் சொல்லிக்கொள்வது, எல்லாவற்றின் மீதும். எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவன் செய்த அநியாயத்துக்கு இங்கே இவள் கையைக் காலியாக்குவதா? இந்த ஊரின் நாணயத்துக்காக இவள் ஆயுள் முழுக்க நிலமில்லாமல் இருப்பதா?

அன்று சாயங்காலம் கண்மாய்க்கரையில் கூட்டம். தினேஷ் மட்டும் வந்திருந்தார். மார்த்தா காரைக்குடியில் இருந்தாள். தினேஷ் கிட்டத்தட்டக் கெஞ்சினார். நாளைக் காலையில் ஒரு பத்து நிமிடம், ஆளுக்கொரு கைப்பிடியை வாங்கி வால்வைத் திறந்து காட்டினால் போதும். படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் பழையபடி பாக்கியத்திடம் கொடுத்துவிடுங்கள், நான் கண்டுகொள்ளமாட்டேன் என்றார். அவருக்கும் வேலை போய்விடும் பயம்.

நியாயம்தான் என்றார்கள் பலர். கடலை பூத்து விழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிட நடிப்பில் என்ன குறைந்துவிடும்? ராசு என்பவர் குரல்தான் உரக்க இருந்தது. அவர் சேவுகனுக்குப் பங்காளி, பக்கத்து வயல்காரர்; ஒரு வரப்புத் தகராறில் இருவருக்கும் வருடக்கணக்காகப் பேச்சு இல்லை. அன்றைக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

பாக்கியம் எழுந்து நடுவில் வந்தாள். மஞ்சள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். இரும்புக் கைப்பிடிகள் அவ்வளவும் கொட்டின.

“எடுத்துக்கங்க. நல்லா நடிங்க. ஆனா தன் வயல்ல தானே கைய வச்சவுக கைப்பிடிய நான் திரும்ப வாங்கமாட்டேன். எங்க வீட்டுக்காரர் திருப்பூருக்குத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்காக.”

பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள். மோட்டார் போனாலும் ஆயில் எஞ்சின் வாடகைக்கு எடுத்துத் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றலாம். பாக்கியம் போனால் வேறு நீர்பாய்ச்சி கிடையாது. கடைசியில் சேவுகன் குனிந்து கையில் அகப்பட்ட ஒரு கைப்பிடியை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். அவர்கள் நடிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரவு ஆச்சி வீட்டில் கவுனி அரிசி இனிப்புப் பொங்கல் வந்தது, எனக்கு இறங்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று ஆச்சி துருவித் துருவிக் கேட்டு, விவரம் தெரிந்ததும், அந்தப் பெண் செய்ததுதான் சரி என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

காலையில் வெயில் ஏறியதும் மோட்டார் ஓடத் தொடங்கியது. படம் எடுப்பவர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஒரு ஆணோ பெண்ணோ கைப்பிடியோடு நின்றார்கள். மார்த்தா கையை உயர்த்தினாள். எல்லாரும் குனிந்து மாட்டித் திருகினார்கள். கடலைச் செடிகளுக்குள் தண்ணீர் பரவியது. தினேஷ் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மார்த்தாவிடம் ஒரு பலகை போன்ற கணினி இருந்தது. அதில் எந்த வயலுக்கு யார் சொந்தம் என்று முகப்படத்தோடு இருந்தது. முதல் வயலில் நின்ற முகத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். அடுத்த வயலுக்குப் போனாள். அதற்கடுத்த வயலுக்கும். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

ஒருவர்கூடத் தன் வயலில் நிற்கவில்லை. சேவுகன் ராசுவின் வயலில் நின்றார். ராசு சேவுகனுடைய வயலில். இருவருக்கும் நடுவே அந்தத் தகராற்று வரப்பு. பேச்சு இல்லாத பங்காளிகள் ஒருவர் பயிருக்கு மற்றவர் தண்ணீர் விட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முறைப்பாக நின்றதை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று மார்த்தா கேட்டாள். தினேஷ் முந்திக்கொண்டு, இவர்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்துகொள்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் மெழுகப் பார்த்தார். சேவுகன் என்னைப் பார்த்து, அவர் சொல்ல வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

“எங்க ஊர்ல அவுக அவுக தண்ணிய அவுக அவுக தொடமாட்டோம். மோட்டாரக் கழத்துனாலும் தொடமாட்டோம். கூட்டாம கொறைக்காம அப்புடியே சொல்லுங்க.”

நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சொல்லப்போனால் ‘மோட்டாரைக் கழற்றினாலும்’ என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

மார்த்தா பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு கடைக்கோடி வயலுக்கு நடந்தாள். அந்த வயலுக்குரிய பெண் கணவனை இழந்தவர். நடு வயலொன்றில் கைப்பிடியோடு நின்றவரை அங்கே அழைத்துவரச் சொன்னாள். உங்களுக்குத் தண்ணீர் கிடைக்காமல் போனதுண்டா என்று என் மூலமாகக் கேட்டாள். இந்த வருடம் முதல் தண்ணீர் தன் வயலுக்குத்தான் வந்தது, பாக்கியம் கடைசியிலிருந்துதான் ஆரம்பிப்பாள் என்றார் அந்தப் பெண். இதற்கிடையே யாரும் சொல்லாமலே வரப்புகளில் நின்றவர்கள் வால்வுகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் வயல், போதும் என்றதும் மூட அவர்களுக்கு மனசு வந்தது.

மார்த்தா நேர்மையானவள். நிபந்தனை நிறைவேறியது என்று தன்னால் எழுத முடியாது, ஏனென்றால் நிறைவேறவில்லை என்றாள். அந்த நிபந்தனை சரியா என்றும் இனித் தனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்றாள். கடலை வெட்டும்வரை மோட்டாரில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்தோடு வாதாட வேண்டியிருக்கும். இதைத் தமிழில் சொன்னபோது, தாராளமாக வாதாடட்டும், நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை என்றார் சேவுகன்.

பிறகு படக்கருவியை என் முகத்துக்கு நேரே வைத்தார்கள். உங்கள் ஊருக்கு இந்தத் திட்டம் வேண்டுமா என்று தினேஷ் கேட்டார். நான் இவ்வளவு தூரம் வந்தது அந்த ஒரு கேள்விக்காகத்தான். மோட்டாரைத் தாருங்கள், குழாயைத் தாருங்கள், நன்றியோடு வாங்கிக்கொள்வோம் என்றேன். கைப்பிடி யாரிடம் இருக்க வேண்டும் என்று எங்கள் குளக்கட்டில் கூடி நாங்கள் தீர்மானிப்போம். அதைத் தீர்மானித்துக்கொண்டு வருகிறவர்கள் விமானச் சீட்டை மிச்சம் பிடிக்கலாம் என்றும் சொன்னேன். கடைசிப் பகுதியை வெட்டிவிடுவார்கள் என்று தெரியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் முடிந்து எல்லாரும் கண்மாய்க்கரைக்கு வந்தபோது பாக்கியம் அங்கே நின்றிருந்தாள். தூரத்திலிருந்து முழுவதையும் பார்த்திருக்கிறாள். மஞ்சள் பையை விரித்துப் பிடித்தாள். ஒவ்வொருவராக வந்து கைப்பிடியைப் போட்டார்கள். யார் யாருடைய வயலில் நின்றார்கள் என்று அவளுக்குத் தெரியும்; ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. கடைசியாகச் சேவுகன் போட்டார்.

அவர் திரும்பி நடந்தபோது பாக்கியம் பைக்குள் கைவிட்டு ஒரு கைப்பிடியை எடுத்தாள்.

“தலைவரே, ஒரு நிமிசம் நில்லுங்க. இன்னைக்கி வயல் வச்சிருக்கிற ஊரே அடுத்தவுக வயலுக்குத் தண்ணி பாச்சி, போதும்னதும் மூடுச்சுல்ல? அப்ப நீர்பாய்ச்சிக்கும் வயல் இருக்கலாம். ஒங்க தம்பி வயல்ல முள்ள நான் வெட்டுறேன். வாரத்துக்குக் குடுங்க.”

கூட்டம் கலையாமல் நின்றது. சேவுகன் மீசையைத் தடவினார், கண்மாயைப் பார்த்தார், ராசுவைக்கூட ஒரு தடவை பார்த்துவிட்டார். வெள்ளைக்காரியிடம் சற்று முன் அவ்வளவு தைரியமாகப் பேசிய மனிதர் இந்தப் பெண்ணிடம் இன்னும் சின்னக் குரலில் பேசினார்.

“சரி, வயல் ஒனக்கு. ஒன் வயலுக்கு யாரு தொறக்குறது?” என்று கேட்டார்.

“யாரு வேணாலும் தொறங்க. நான் தொறக்கமாட்டேன்” என்று கைப்பிடியை அவரிடம் நீட்டினாள் பாக்கியம்.

அவர் வாங்கிக்கொண்டார்.